ஃபோரம் தியேட்டர்: தமிழில் மன்ற அரங்கு

பாதியில் நிறுத்தி மாற்றி ஆடக்கூடிய நாடகம் இது. ஒருவர் ஒடுக்கப்படும் காட்சியை முதலில் முழுக்க நடித்துக் காட்டுவார்கள். அவர் தோற்பதோடு முடியும். அப்புறம் அதே காட்சி மறுபடி தொடங்கும். இந்த முறை பார்ப்பவர்களில் யாரும் ‘நிறுத்து’ என்று சொல்லி, ஒடுக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு விதமாக முயன்று பார்க்கலாம்.

உருவாக்கியவர் பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால். 1971-இல் ராணுவ ஆட்சியில் கைதாகிச் சித்திரவதைப்பட்டு நாட்டை விட்டு வெளியேறியவர், 1973-இல் பெருவில் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தபோது இந்த வடிவத்தைக் கண்டெடுத்தார். ஃபோரம் லத்தீன் சொல். சந்தையும் வழக்கும் அரசியல் பேச்சும் ஒன்றாக நடந்த ரோமானியத் திறந்தவெளி.

விவாத அரங்கு என்றும் தமிழில் சொல்கிறார்கள். விவாதம் வாயோடு நின்றுவிடும். இங்கே செய்துகாட்ட வேண்டும். மன்றம் பொருத்தமாகப் படுகிறது. ஊர் கூடி வழக்குப் பேசிய மரத்தடியும் மன்றம், தில்லையில் கூத்தன் ஆடும் இடமும் மன்று. மன்றாடுதலும் அங்கிருந்து வந்ததுதான்.

நாடகத்தை நடத்திச் செல்பவருக்குப் போவால் வைத்த பெயர் ஜோக்கர். எந்த அணியையும் சேராத சீட்டுக்கட்டு ஜோக்கர் அது. கோமாளி என்று பெயர்த்தால் கெட்டுவிடும். ஆடுபவர்களோடும் பார்ப்பவர்களோடும் மாறி மாறிப் பேசும் தெருக்கூத்துக் கட்டியங்காரன் நமக்கு இருக்கிறானே!

மருத்துவமனையில் நேரும் வெட்கத்தையும் இந்த அரங்கில் எடுத்து ஆடலாம். அங்கே நோயாளிக்கு நேரும் அவமானத்தைப் பற்றி அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் லசார் 1987-லேயே எழுதினார். டெல்லியில் யூசிஎம்எஸ் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 2011-இல் போவாலின் முறையைப் பயின்றார்கள். வெட்கத்தைச் சொற்பொழிவால் தொட முடியாது, உடம்பால் தொடலாம் என்பதால் இந்த முறையை நான் பெரிதும் நம்புகிறேன். வார்டு ரவுண்ட்ஸில் ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். பதில் தெரியாத பயிற்சி மருத்துவரைப் பார்த்து, “இதுகூடத் தெரியாம எதுக்கும்மா கோட்டு?” என்கிறார் பேராசிரியர், நோயாளியின் முன்னாலேயே. அவள் கேஸ் ஷீட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ‘நிறுத்து’ என்று எழுந்து வருபவர் அவள் இடத்தில் நின்று, “தெரியாது சார், படிச்சிட்டு வந்து சொல்றேன்” என்று நிமிர்ந்து சொல்லிப் பார்க்கிறார். பேராசிரியராக நடிப்பவர் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார். இன்னொருவர் வந்து வேறு வழி தேடுவார். நடக்கவே முடியாத தீர்வு என்றால் ‘மேஜிக்’ என்று கூட்டமே சொல்லிவிடும்.

மன்றத்துக்கு இன்னொரு பெயர் அம்பலம். ஒருவர் மறைத்து வைத்த வெட்கத்தை அம்பலப்படுத்துவது இங்கே கூடாது. அதனால் பலர் சொன்ன அனுபவங்களைக் கலந்து ஒரே காட்சியாக்குவார்கள். யாருக்கு எது நடந்தது என்று கட்டியங்காரன் கேட்பதில்லை.