பாடசாலை முடிந்த பிறகு எங்கே போவது? வன்னியில் பகல் நிலையங்களும் உரித்துகளும்

பாடசாலையின் விசேட கல்வி அலகில் படிக்கும்வரை மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குக் காலையில் வெளிக்கிட ஒரு காரணம் இருக்கிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் அது நின்றுவிடும். அதற்குப் பிறகு பல வீடுகளில் விறாந்தைக் கதிரையும் தொலைக்காட்சியும்தான். இந்த இடைவெளிக்குத்தான் பகல் நிலையம். காலையில் போய்ப் பின்னேரம் வீடு திரும்பலாம், தங்குவதில்லை. வவுனியாவில் வரோட் போன்ற தொண்டு அமைப்புகள் மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்கின்றன. முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களுக்கு மாங்குளத்தில் உயிரிழை என்ற அமைப்பு இருக்கிறது.

ஒரு நிலையம் உருப்படியானதா என்று பார்க்க நான் கேட்கும் முதல் கேள்வி, பத்து மணித் தேத்தண்ணியை யார் போடுகிறார்கள் என்பதுதான். பணியாளர் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் அங்கே நேரம் போகிறது, அவ்வளவுதான். நான் பார்த்த ஓர் இடத்தில் இருபத்திரண்டு வயதுப் பெடியன் ஒருவன் பத்துப் பேருக்குப் போட்டான். சுவரில் கேத்தில், தேயிலை, சீனி, கரண்டி என்று வரிசையாகப் படங்கள் ஒட்டியிருந்தன. பழக்கியது பின்னாலிருந்து. முதல் கிழமை எல்லாவற்றையும் பணியாளர் செய்ய, கடைசியில் கலக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் அவன் வேலை. அடுத்து சீனி போடுவதும் அவனுக்கு வந்தது. கொதிதண்ணி எல்லாவற்றுக்கும் கடைசி. முடிக்கிற வேலை முதல் நாளிலேயே தன் கையில் இருப்பதால் அவனுக்குச் சலிப்பு வரவில்லை. சீனி மட்டும் இன்னும் கொஞ்சம் கூட.

பஸ்ஸில் ஏறி இறங்குவது, மிச்சக்காசு எண்ணி வாங்குவது, தன் உடுப்பைத் தானே தோய்ப்பது எல்லாம் இதே முறையில் பழக்கக்கூடியவைதான். வீட்டில் அம்மா அவசரத்துக்குத் தானே செய்து முடித்துவிடுவார். குற்றம் சொல்வதற்கில்லை, விடிய ஐந்து மணிக்கு யாருக்குப் பொறுமை இருக்கும்?

சரி, அரசாங்கம் என்ன தருகிறது? பகல் நிலையத்தில் கட்டாயம் இடம் தரவேண்டும் என்று இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்லவில்லை. வேலைக்கு எடுக்கும்போதும் கல்வி நிறுவனத்தில் சேர்க்கும்போதும் இயலாமையைக் காரணம் காட்டி ஒதுக்கக்கூடாது என்கிறது. ஒதுக்கினால் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். இயலாமையுடையோர் சமூகத்துக்குள் சுதந்திரமாக வாழும் உரிமையைச் சொல்லும் ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது.

நடைமுறையில் நீங்கள் போகவேண்டிய ஆள் பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தர். சமுதாயம் சார் புனர்வாழ்வுத் திட்டம், மாற்றுத்திறனாளிகளின் சுயஉதவிக் குழுக்கள், சுயதொழில் உதவி, வீட்டுக்கும் மலசலகூடத்துக்குமான உதவி, சக்கர நாற்காலி போன்ற உபகரணங்கள் எல்லாவற்றையும் அவரிடம் கேட்கலாம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வைத்தியரின் சான்று, கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றில் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு பிரதி எங்கேயாவது ஒரு கோப்புக்குள் ஒளிந்துகொள்ளும், அனுபவத்தில் சொல்கிறேன்.

மாதக் கொடுப்பனவு வேறு. குறைந்த வருமானக் குடும்பத்தில் உள்ள மாற்றுத்திறனாளிக்கான 7,500 ரூபாவை 2025 வரவு செலவுத் திட்டம் 10,000 ஆக்கியது. முடிந்தால் பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்குத் திறவுங்கள். கையெழுத்து வராவிட்டால் பெருவிரல் அடையாளம் வைக்கலாமா என்று வங்கியில் கேளுங்கள். கொடுப்பனவு வருகிற நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வேலை என்று வந்தால், 1988இல் வந்த 27/88 இலக்கச் சுற்றறிக்கையின்படி அரச சேவை வெற்றிடங்களில் 3 வீதம், தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு. தகுதி என்ற சொல்லில்தான் எங்கள் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுகிறார்கள். சமூக சேவைகள் திணைக்களத்தின் தொழிற்பயிற்சி நிலையங்களில் தங்கிப் படிக்கலாம், கம்பஹா மாவட்டத்துச் சீதுவையில் இருப்பது அப்படியொன்று. கிளிநொச்சியிலிருந்து அவ்வளவு தூரம், தெரியாத மொழிச் சூழல் என்று தாய்மார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பக்கத்துப் பகல் நிலையத்தில் ஒரு வருடம் பஸ்ஸும் காசும் பழகிய பிள்ளைக்கு அந்தத் தூரம் கொஞ்சம் குறையும்.

விண்ணப்பம் கொடுத்த திகதியையும் வாங்கியவரின் பதவியையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ‘படிவம் முடிந்துவிட்டது, பிறகு வாங்கோ’ என்றால் எப்போது வருவது என்று திகதி கேளுங்கள். அந்தத் திகதிக்குப் பிள்ளையோடு போங்கள், கதைக்க இயலுமென்றால் கேள்வியை அவரே கேட்கட்டும்.