செயற்கை இனிப்பூட்டிகளும் எலிகளின் விந்தகமும்

செயற்கை இனிப்பூட்டிகள் ஆண் இனப்பெருக்க உறுப்புகளைப் பாதிக்குமா என்ற கேள்விக்கு விலங்கு ஆய்வுகளில் மிகத் தெளிவான விடை கிடைத்தது சைக்லமேட் என்னும் பொருளில்தான். 1937-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட இது, சர்க்கரையைவிடச் சுமார் 30 மடங்கு இனிப்பானது. குடலில் உறிஞ்சப்படாமல் எஞ்சும் சைக்லமேட்டைச் சில பாக்டீரியாக்கள் சைக்ளோஹெக்சிலமீன் என்ற வேறொரு சேர்மமாக மாற்றிவிடுகின்றன. தீங்கு விளைவிப்பது இந்தச் சேர்மமே. வாரக்கணக்கில் இதை அதிக அளவில் உட்கொண்ட எலிகளின் விந்தகங்கள் சுருங்கின. விந்தணுக்கள் உருவாகும் நுண்குழல்களும் சிதைந்தன. சுண்டெலிகளிலோ இத்தகைய சிதைவு காணப்படவில்லை. நெருங்கிய உறவுடைய இரு கொறிவிலங்குகளுக்கு இடையிலேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. ஆயினும் உணவுச் சேர்க்கைப் பொருட்களை மதிப்பிடும் பன்னாட்டு வல்லுநர் குழு (JECFA) எச்சரிக்கையுடன் எலியின் முடிவையே அடிப்படையாகக் கொண்டு, 1982-இல் சைக்லமேட்டுக்கான வரம்பை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் என நிர்ணயித்தது. இது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் குடல் பாக்டீரியாக்கள் இந்த மாற்றத்தைச் செய்யும் அளவு மனிதருக்கு மனிதர் பெரிதும் மாறுபடுகிறது.

மற்றொரு செயற்கை இனிப்பூட்டியான அஸ்பார்டேமின் கதை இவ்வளவு தெளிவானதன்று. எலிகளுக்கு அதைத் தொடர்ந்து கொடுத்த சில ஆய்வுகளில் விந்தணு எண்ணிக்கை, நீந்தும் திறன், டெஸ்டோஸ்டிரோன் ஆகியவை குறைந்ததாகப் பதிவாகியுள்ளது. அஸ்பார்டேம் செரிக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடு மெத்தனாலாகப் பிரிந்து, ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. இவை ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை, அதாவது வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகிச் செல்களைச் சிதைக்கும் நிலையை, தூண்டக்கூடும் என்பதே ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். விந்தணுவின் சவ்வில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. அதைத் தடுக்கும் நொதிகளுக்கு இடமளிக்கும் சைட்டோபிளாசமோ (செல்லின் உட்பொருள்) மிகக் குறைவு. ஃபார்மிக் அமிலத்தை உடலிலிருந்து அகற்ற ஃபோலேட் என்னும் வைட்டமின் தேவை; எலிகள் அதை மனிதரைவிட விரைவாக அகற்றிவிடுவதால், மனித நிலையை ஒத்திருக்கச் சில ஆய்வுகளில் ஃபோலேட் குறைபாட்டை வேண்டுமென்றே உண்டாக்கிய எலிகளைப் பயன்படுத்துகிறார்கள்.

அளவிடும் முறை எளிமையானது. விந்தணுக்கள் சேமிக்கப்படும் எபிடிடிமிஸின் வால்பகுதியை வெட்டியெடுத்து, வெதுவெதுப்பான உப்புக்கரைசலில் நறுக்கிவிட்டால், விந்தணுக்கள் தாமாகவே வெளியே நீந்தி வரும். ஒரு சொட்டை எண்ணும் கண்ணாடித் தட்டில் இட்டு, எத்தனை உள்ளன, எத்தனை முன்னோக்கி நகர்கின்றன என்று நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். எலியில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 52 நாட்கள் ஆகும். ஆகவே இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடும் ஆய்வு, தொடக்கநிலைச் செல்களில் நேர்ந்த சேதத்தைத் தவறவிட்டுவிடும் என்பதை இத்தகைய ஆய்வுகளைப் படிப்போர் முதலில் கவனிக்க வேண்டும். அடுத்துப் பார்க்க வேண்டியது கொடுத்த அளவு: அஸ்பார்டேமுக்கு அதே பன்னாட்டுக் குழு மனிதருக்கு விதித்துள்ள வரம்பு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம். அதைப் பன்மடங்கு தாண்டிய அளவில் கிடைத்த முடிவுகள் பாதிப்பு எவ்வாறு நிகழலாம் என்பதைக் காட்டுமே தவிர, அன்றாடப் பயன்பாட்டில் அது நிகழும் என்பதற்குச் சான்றாகா. மறுபுறம், எலிகள் தேவைக்கு மிக அதிகமான விந்தணுக்களை உற்பத்தி செய்பவை; எண்ணிக்கை கணிசமாகக் குறைந்த பிறகும் அவற்றுக்கு வழக்கம்போல் குட்டிகள் பிறக்கலாம். மனிதருக்கு அந்த உபரி மிகக் குறைவு என்பதால், குட்டிகள் பிறந்ததை மட்டும் வைத்து ஓர் இனிப்பூட்டியைத் தீங்கற்றது எனத் தீர்மானிப்பதும் பிழையாகும்.