அழுதா மட்டும் வர்ற புடைப்பு

டயப்பர் மாத்தும்போது குழந்தை வீல்னு அழுதா தொடை இடுக்குல ஒரு பக்கம் மட்டும் கோலிகுண்டு மாதிரி புடைக்கும், பால் குடிச்சு தூங்கிட்டா காணாம போயிடும், டாக்டர்கிட்ட தூக்கிட்டு போனா அங்க பாத்து சமத்தா படுத்திருக்கும். அதனால புடைச்சிருக்கும்போதே போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

இது குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. ஆண் குழந்தைக்கு விதை முதல்ல உருவாகுறது வயித்துக்குள்ள, கிட்னி பக்கத்துல. கர்ப்பத்தோட ஏழாம் மாசத்துக்கு மேல அது விதைப்பைக்கு இறங்குது, அது இறங்குறதுக்காக வயித்தோட உள்ஜவ்வு ஒரு நீள பை மாதிரி முன்னாடியே வழி போட்டு வச்சிருக்கும். விதை வந்து சேர்ந்ததும் அந்த வழி மூடிக்கணும், மூடலன்னா குடல் அதுல வழுக்கி இறங்கும். வலது விதை கொஞ்சம் லேட்டா இறங்குறதால வலது பக்கம்தான் அதிகம். நிறைமாசக் குழந்தைங்கள்ல 100-க்கு 1-லேர்ந்து 5 பேருக்கு இருக்கும், குறைமாசத்துல அதைவிட பல மடங்கு.

தொப்புள் ஹெர்னியா பெரும்பாலும் தானா சரியாயிடும், அதே நெனப்புல இதையும் விட்டுடுறாங்க. இது அப்படி இல்ல, ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். வழியோட வாய் குறுகல், குடல் உள்ள போய் மாட்டிக்கிட்டா முதல்ல நசுங்குறது ரத்தத்தை வெளிய எடுத்துட்டுப் போற சிரைதான், ஏன்னா அதுல அழுத்தம் கம்மி. ரத்தம் கொண்டு வர்ற தமனி இன்னும் ரத்தத்தை உள்ள தள்ளிக்கிட்டே இருக்கும், வெளிய வர வழியில்ல, குடல் வீங்கும், வீங்க வீங்க வாய் இன்னும் இறுகும், கடைசில தமனியும் அடைச்சு குடல் அழுக ஆரம்பிக்கும். விதைக்கு போற ரத்தக்குழாயும் அதே சந்துலதான் போகுது, அதுவும் நசுங்கினா விதை சுருங்கிப் போகலாம். பெண் குழந்தைங்களுக்கு சினைப்பையே அந்தப் பைக்குள்ள இறங்கி முறுக்கிக்கலாம்.

புடைப்பு கல்லு மாதிரி ஆகி உள்ள போகல, தொட்டா கத்துது, சிவந்திருக்கு, வயிறு உப்புது, பச்சையா வாந்தி எடுக்குதுன்னா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் உடனே எமர்ஜென்சி, நீங்களா அமுக்கிப் பாக்காதீங்க. டார்ச் அடிச்சு வெளிச்சம் ஊடுருவினா வெறும் நீர்தான், ஹைட்ரோசீல்னு சொல்வாங்க, ஆனா பச்சக்குழந்தை குடல் அவ்ளோ மெல்லிசு, அதுலயும் வெளிச்சம் ஊடுருவும், அத நம்பாதீங்க.

ஆபரேஷன்ல அந்தப் பையோட கழுத்தைக் கட்டி விடுவாங்க, பெரியவங்களுக்கு வைக்கிற வலை எல்லாம் வேண்டாம். குறைமாசக் குழந்தைன்னா மயக்க மருந்துக்கப்புறம் திடீர்னு மூச்சு நின்னு நின்னு வர்ற பிரச்சினை வரலாம், அதுக்குத்தான் அன்னைக்கு ராத்திரி மானிட்டர்ல வச்சுப் பாக்குறாங்க.