குழந்தையின் சிரிப்புக்கு இருவர் வேண்டும்

உளவியலில் 'அசையா முகச் சோதனை' என்று ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் 1975-இல் இதை முதன்முதலாக அறிவித்தார். சில மாதக் குழந்தையை இருக்கையில் அமர்த்தி, எதிரே தாயை உட்கார வைக்கிறார்கள். தாய் முதலில் வழக்கம்போல் கொஞ்சுகிறாள். பிறகு ஓரிரு நிமிடம் குழந்தையைப் பார்த்தபடியே முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இருக்க வேண்டும். பேசவோ தொடவோ கூடாது. அதன்பின் மறுபடியும் கொஞ்சலாம்.

அந்த இடைவெளியில் குழந்தை உடனே அழுதுவிடுவதில்லை. முதலில் சிரித்துப் பார்க்கிறது. குரல் கொடுக்கிறது, கையை நீட்டுகிறது, உடம்பை முன்னே தள்ளுகிறது. எதுவும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஓரக்கண்ணால் பார்க்கிறது, மீண்டும் திரும்புகிறது. விரலைச் சப்பித் தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறது. சில குழந்தைகள் அழுகின்றன. தாய் சிரித்ததும் மகிழ்ச்சி திரும்பினாலும் சிணுங்கல் சற்று நேரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தன் சிரிப்புக்கு மறுசிரிப்பு வரும் என்ற எதிர்பார்ப்பு பேச்சு வராத வயதிலேயே குழந்தையிடம் இருக்கிறது.

அப்படியானால் தாய் எந்நேரமும் சிரித்த முகமாக இருந்தால் போதுமா? லின் மரே, கால்வின் ட்ரெவார்தன் இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. தாயையும் சில வாரக் குழந்தையையும் தனித்தனி அறைகளில் வைத்து, தொலைக்காட்சித் திரை வழியே ஒருவரையொருவர் பார்க்கச் செய்தார்கள். நேரலையில் குழந்தை மகிழ்ச்சியாக விளையாடியது. பிறகு, அதே தாய் அதே மலர்ச்சியோடு கொஞ்சிய பதிவை மீண்டும் ஓட்டினார்கள். குழந்தை குழம்பியது, பார்வையை விலக்கியது. திரையில் தெரிந்த முகம் மலர்ந்துதான் இருந்தது. ஆனால் அது குழந்தைக்குப் பதில் சொல்லவில்லை. தான் செய்ததற்கு, செய்த அந்தக் கணத்தில் வரும் மறுமொழியைத்தான் குழந்தை தேடுகிறது.

மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு கைவைப்பது இந்த இடத்தில்தான். சோர்வுற்ற தாய்க்குக் குழந்தைமீது அன்பு குறைந்துவிடுவதாக நினைப்பது பெரும் அநியாயம். அவளுடைய மறுமொழி தாமதமாகிறது; குரலின் ஏற்ற இறக்கம் தட்டையாகிறது. சில தாய்மார்கள் ஒதுங்கிப்போகிறார்கள். சிலர் குழந்தையின் குறிப்பறியாமல் அதிகமாகத் தூண்டுகிறார்கள். இத்தகைய குழந்தைகளை ஆராய்ந்த டிஃபனி ஃபீல்ட், அசையா முகத்தைக் கண்டு அவை மற்றக் குழந்தைகள் அளவுக்குக் கலங்குவதில்லை என்று கண்டார். பழகிப்போன ஒன்றுக்கு ஏன் கலங்க வேண்டும்? அறிமுகமில்லாத, மனச்சோர்வற்ற பெண் கொஞ்சும்போதும் அவற்றின் முகம் மங்கியே இருந்தது.

இதைப் படிக்கும் தாய் எவளும் தன்னை நொந்துகொள்ளக் கூடாது என்பதால், ட்ரானிக் குழுவின் இன்னொரு முடிவை அழுத்திச் சொல்கிறேன். நலமாக இருக்கும் தாயும் குழந்தையும்கூட விளையாடும் நேரத்தில் ஏறத்தாழ 30 சதவீதம்தான் ஒத்த உணர்வுநிலையில் இருக்கிறார்கள். மீதி நேரமெல்லாம் தவறிப்போவதும் சரிசெய்துகொள்வதும்தான். குழந்தை அழைக்கிறது, தாய் கவனிக்கவில்லை, மறுபடி அழைக்கிறது, அவள் திரும்புகிறாள். தன் முயற்சி பலிக்கும் என்ற நம்பிக்கை இந்தச் சரிசெய்தலில் வளர்கிறது. மனச்சோர்வு நீடிக்கும்போது சரிசெய்தல்தான் அரிதாகிறது.

அப்போதும் குழந்தையின் திறன் அழிந்துவிடுவதில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் கேப்லன் நான்கு மாதக் குழந்தைகளுக்கு ஒரு கொஞ்சுமொழியை ஒலிக்கவிட்டு, அதையடுத்துச் சிரிக்கும் முகத்தைக் காட்டினார். மனச்சோர்வுற்ற தாய்மாரின் குழந்தைகள் தம் தாயின் குரலைக் கொண்டு இந்தத் தொடர்பைக் கற்கவில்லை. ஆனால் மனச்சோர்வில்லாத வேறொரு தாயின் குரலைக் கேட்டபோது கற்றன. நீண்ட நாள் சோர்வுற்றிருந்த தாய்மாரின் குழந்தைகள் ஆண் குரலுக்கு நன்றாகவே கற்றன. வீட்டில் அப்பாவும் தாத்தாவும் குழந்தையோடு பேசுவதை வெறும் பொழுதுபோக்காக எண்ண வேண்டாம். தொடுதலுக்கும் பங்குண்டு: அசையா முகச் சோதனையிலேயே தாய் குழந்தையைத் தொட்டுக்கொண்டிருக்க அனுமதித்தபோது அழுகை குறைந்தது.

நம் வீடுகளில் 'பச்சை உடம்புக்காரி அழக்கூடாது' என்பார்கள். அக்கறையில் வந்த சொல்தான். ஆனால் அழுகையை மறைக்கச் சொல்வதால் சோர்வு குறையாது. உதவி கேட்கும் வாய்தான் அடைபடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிரசவித்த பெண்களில் ஏறத்தாழ 13 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல், பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது. 1987-இல் வெளியான எடின்பரோ அளவுகோல், கடந்த ஏழு நாள்களின் மனநிலையைப் பத்தே கேள்விகளில் விசாரிக்கிறது. தடுப்பூசி போட வரும் தாயிடம் அங்கேயே கேட்டுவிடலாம்.

கேட்டபின் செய்யவும் வழி இருக்கிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் குழுவினர், சாதாரணப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு எளிய உளவியல் பயிற்சி அளித்தார்கள். அவர்கள் கர்ப்ப காலத்தின் இறுதி மாதத்திலிருந்தே மனச்சோர்வுற்ற பெண்களின் வீடு தேடிப் போய்ப் பேசினார்கள். 2008-இல் முடிவுகள் வெளியாயின. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, இந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்கு மட்டுமே மனச்சோர்வு நீடித்தது. கிடைக்காதவர்களில் அது 53 சதவீதம். உதவி பெற்ற வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்திருந்தது. தாயும் தந்தையும் குழந்தையோடு விளையாடும் நேரம் கூடியிருந்தது.