ஹிர்ஷ்ஸ்ப்ரங் ஆபரேஷன் ஆன குழந்தைக்குப் பேதியா? நிறுத்த மருந்து கொடுக்காதீர்கள்

வயிறு உப்பி, காய்ச்சலில் துவண்டு வருகிறது குழந்தை. பிறவியிலேயே குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாததால் மலம் நகராமல் அடைக்கும் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய்க்கு ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். "மூணு நாளா வயித்தால போகுது டாக்டர், நிக்கிறதுக்கு மருந்து கொடுத்தோம்" என்று பாட்டிலைக் காட்டுகிறார்கள். மறுபடியும், மறுபடியும் இதே கதை.

"பேதிதான் போகுதே, அப்புறம் எப்படி அடைப்பு இருக்கும்?" இந்த நினைப்புதான் உயிருக்கு உலை வைக்கிறது. நரம்பணுக்கள் இல்லாத குடலை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல குடலை ஆசனவாய் வரை இறக்கித் தைக்கிறோம். ஆனால் அங்குள்ள சுருக்குத்தசை அப்படியேதான் இருக்கிறது. இந்தக் குழந்தைகளுக்கு அது தானாகத் தளராது. அதனால் மலமும் வாயுவும் மேலே தேங்கலாம். தேங்கிய இடத்தில் கிருமி பெருகும். குடல் அழன்று நீரைக் கசியவிடும். அந்த நீர்தான் துர்நாற்றத்தோடு பீய்ச்சியடிக்கிறது. நீங்கள் பார்ப்பது வழிந்து வந்த நீரை மட்டும். தேக்கம் உள்ளேயே கிடக்கிறது. அந்த நேரத்தில் லோபராமைடு என்ற பேதி நிறுத்தும் மருந்தைக் கொடுத்தால் குடலின் அசைவும் குறைந்து, கிருமி ரத்தத்தில் ஏறலாம். (பெருங்குடல் முழுவதையும் எடுத்த சில குழந்தைகளுக்கு நாங்களே லோபராமைடு எழுதுவதுண்டு, அது வேறு கணக்கு. வயிறு உப்பினால் அவர்களுக்கும் அதை நிறுத்த வேண்டும்.)

தொக்கம் எடுப்பது, விளக்கெண்ணெய் புகட்டுவது, வெற்றிலைக் காம்பை விடுவது எதுவும் வேண்டாம். முக்கியமாக, ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் சர்ஜன் சொல்லாமல் ஆசனவாயில் எதையும் நுழைக்கக் கூடாது. தையல் பிரிந்துவிடலாம்.

எங்கள் முதல் வேலை, தேங்கியதை வெளியேற்றுவது. மென்மையான, அகலத் துளையுள்ள குழாயை உள்ளே செலுத்தி, வெதுவெதுப்பான நார்மல் சலைனை (ஆஸ்பத்திரியில் பயன்படுத்தும் உப்பு நீர்) ஒரு தடவைக்கு 10 முதல் 20 மி.லி. மட்டும் விட்டு, சிரிஞ்சைக் கழற்றிக் குழாய் வழியாகவே வடியவிடுவோம். குழாயைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தி, தெளிந்த நீர் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்வோம். இது எனிமா இல்லை. எனிமாவில் மருந்தை உள்ளே விட்டுக் குழந்தையே வெளித்தள்ளட்டும் என்று காத்திருப்பார்கள். இந்தக் குழந்தையால் தள்ள முடியாது. வீட்டில் செய்யக் கற்றுக்கொடுக்கப்பட்டவர்கள் வெறும் தண்ணீரைப் பயன்படுத்தவே கூடாது. குடல் அதை உறிஞ்சி, ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரலாம். விட்ட நீர் திரும்பி வராவிட்டால் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

பச்சை வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்காமல் துவளுவது, இறுகிய வயிறு: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் வாயைத் திறந்ததும் ஹிர்ஷ்ஸ்ப்ரங் ஆபரேஷன் ஆன குழந்தை என்று சொல்லிவிடுங்கள், தயவுசெய்து.

ஒரு தடவை சரியானதும் மறந்துவிடவும் கூடாது. திரும்பத் திரும்ப வந்தால் காரணம் தேடியாக வேண்டும். தைத்த இடம் சுருங்கியிருக்கலாம், இறக்கிய குடல் முறுக்கியிருக்கலாம், நரம்பணு போதாத பகுதியையே இறக்கித் தைத்திருக்கலாம். மயக்கம் கொடுத்து விரலால் பரிசோதிப்பது, சாய எக்ஸ்ரே, பயாப்சி (குடலில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது) ஆகியவை அதற்குத்தான். இவை எதுவும் இல்லையென்றால் சுருக்குத்தசையில், அதைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போடலாம். சில மாதங்களில் அதன் வேலை தேய்ந்துவிடும், திரும்பவும் போடலாம்.