மாத்திரை போட்டேனா, இல்லையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மருந்தாளராக இருக்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "காலை மாத்திரை போட்ட மாதிரியும் இருக்கு, போடாத மாதிரியும் இருக்கு. இன்னொன்னு போட்டுக்கட்டுமா?"

வேண்டாம். கிளிக்லசைடு போன்ற சர்க்கரை மாத்திரையை மறதியில் இரண்டு தடவை போட்டுவிட்டால், சர்க்கரை சட்டென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரைக்கும் போகலாம்.

பலரும் கைபேசியில் அலாரம் வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அலாரம் ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். மாத்திரை உள்ளே போனதா என்று அதற்குத் தெரியாது.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வரும் ஓர் அம்மாவுக்குப் பேரன் ஐபோனில் ஷார்ட்கட்ஸ் செயலி வழியாக ஓர் ஆட்டோமேஷன் செய்து கொடுத்திருந்தான். தினமும் குறிப்பேட்டில் "மாத்திரை போட்டாச்சு" என்று தானாகவே ஒரு வரி விழும். பெருமையாகக் காட்டினார். வாங்கிப் பார்த்தேன். 7:00, 7:00, 7:00. முப்பது நாளும் ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை. அது புரட்டாசி மாதம். சனிக்கிழமை விரதத்தில் பகலெல்லாம் சாப்பிடாமல் இருந்தவர், மாத்திரையையும் விட்டிருக்கிறார். போன் மட்டும் விடாமல் எழுதியிருக்கிறது. இந்தக் குறிப்பை நம்பி ஒரு டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினால் என்ன ஆகும்? எனக்கு நெஞ்சு திக்கென்றது.

பேரன் மேல் தப்பில்லை. கடிகாரத்தைப் பார்த்து எழுதச் சொன்னான், அது எழுதியது. கையைப் பார்த்து எழுதச் சொல்ல வேண்டும். அதற்கு என்எஃப்சி ஸ்டிக்கர் போதும்; போனை அருகே கொண்டுபோனால் போன் அடையாளம் கண்டுகொள்ளும் சின்ன சில்லு உள்ள ஸ்டிக்கர் அது. காசு அளவில் இருக்கும், விலை அதிகமில்லை, பேட்டரியும் வேண்டாம். எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் அல்லது அதற்குப் பிந்திய ஐபோனில் ஆட்டோமேஷன் பகுதியில் என்எஃப்சியைத் தேர்ந்து, ஸ்டிக்கரை ஒருமுறை ஸ்கேன் செய்து, "இப்போதைய நேரத்தைக் குறிப்பில் சேர்" என்று அமைத்தால் முடிந்தது. ஆண்ட்ராய்டில் மேக்ரோடிராய்டு, டாஸ்கர் செயலிகளில் இதையே செய்யலாம். போனில் என்எஃப்சி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை விழுங்கியதும் போனை ஸ்டிக்கரில் தொட வேண்டும். முன்னாலேயே தொட்டுவிட்டால் பழைய கதைதான்.

அந்த அம்மா மாத்திரையை பிஸ்கட் தகர டப்பாவில் வைத்திருந்தார். ஸ்டிக்கரை அதில் ஒட்டினோம், போன் அசையவே இல்லை. உலோகத்தின் மேல் சாதாரண ஸ்டிக்கர் வேலை செய்யாது. பிளாஸ்டிக் மூடிக்கு மாற்றினோம், சரி ஆனது.

அடுத்த மாதக் குறிப்பில் 7:12, 8:40, 6:55 என்று மனுஷ நேரம் இருந்தது. இரண்டு நாள் வெற்றிடமும் இருந்தது. அந்த வெற்றிடத்தைப் பார்த்த பிறகுதான், விரத நாளில் மருந்தை எப்படிப் போடுவது என்று அவர் டாக்டரிடம் கேட்கச் சொல்லிக் கடிதம் கொடுக்க முடிந்தது.

குறிப்பை வீட்டில் நம்பிக்கையான ஒருவரோடு மட்டும் பகிருங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். உடல்நலத் தகவலுக்கு இந்நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவே தனிப் பாதுகாப்பு தருகிறது.

அப்புறம், குறிப்பில் வரி இல்லை என்பதற்காக உடனே மாத்திரையை எடுத்துவிடாதீர்கள். தொட மறந்திருக்கலாம். அட்டையில் மிச்சம் எத்தனை என்று எண்ணுங்கள். அப்படியும் சந்தேகம் என்றால், போடுவதற்கு முன்னால் உங்கள் மருந்துக்கடைக்கு ஒரு போன் போடுங்கள்.