மின்சாரம் தாக்கியவரை மண்ணில் புதைக்காதீர்கள்

பிசான அறுவடை முடிந்து வைக்கோல் லாரிகள் ஓடத் தொடங்கிவிட்டால், திருநெல்வேலிச் சீமையில் தீக்காயப் பிரிவில் பணிபுரியும் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். பாரத்தின் மேல் நின்று கயிறு இழுத்துக் கட்டும் இளைஞரின் தலை, தாழ்ந்து தொங்கும் 11,000 வோல்ட் கம்பியில் பட்டுவிடுகிறது. அண்மையில் அப்படி வந்த ஒருவரின் உச்சந்தலையைக் கழுவியபோது, கருகிய முடியோடு வாய்க்கால் மணலும் சேர்ந்து வந்தது. உடம்பில் ஏறிய கரண்ட் இறங்கட்டும் என்று கழுத்தளவு புதைத்து வைத்திருந்தார்களாம்.

எத்தனை முறை சொன்னாலும் இந்த நம்பிக்கை ஒழிய மாட்டேன் என்கிறது. கம்பியின் தொடர்பு அறுந்த நொடியிலேயே உடம்பில் மின்சாரம் இல்லை. மண் இழுத்துக்கொள்ள அங்கே எதுவும் மிச்சமில்லை. கம்பியிலிருந்து விடுபட்டவரைத் தொட்டால் உங்களுக்கு ஷாக் அடிக்காது. பேச்சுமூச்சில்லாமல் கிடப்பவருக்கு வேண்டியது, நடு நெஞ்சில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவதுதான். புதைத்தவரின் நெஞ்சை எப்படி அழுத்துவீர்கள்? மண்ணின் பாரம் மூச்சையும் தடுக்கும், வெந்த காயத்தில் கிருமியையும் ஏற்றும்.

தலையில் ரூபாய் அளவு காயம்தானே என்று வீட்டிலேயே மருந்து தடவுவதும் தவறு. சிடி ஸ்கேன், இசிஜி, கழுத்தெலும்புப் பரிசோதனை மூன்றும் வேண்டும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் தசை அழிந்திருக்கிறது என்று பொருள். உடனே டிரிப் ஏற்றாவிட்டால் சிறுநீரகம் கெடும். மண்டையோட்டின் மேலடுக்கு செத்துப்போயிருந்தால் அதன்மேல் வெறும் தோலை ஒட்ட வைக்க முடியாது. ரத்த ஓட்டமுள்ள சதையைத் தோலோடு திருப்பி மூட வேண்டும். தாமதித்தால் சீழ் மூளையுறை வரை இறங்கும்.

கம்பிக்குக் கீழே பாரம் ஏற்றாதீர்கள். கம்பி குறுக்கிடும் பாதையில் பாரத்தின் மேல் ஆளை நிற்கவிடாதீர்கள். உயரழுத்தக் கம்பி பட்டவரை மரக்கம்பால் தள்ளி மீட்கவும் முயலாதீர்கள், அது உங்களையும் கொல்லும். மின்வாரியத்தார் இணைப்பைத் துண்டித்துவிட்டதாகச் சொன்ன பிறகே அருகே போங்கள். அதற்குள் 108-ஐ அழைத்துவிடுங்கள்.

பிழைத்து வீடு திரும்பியவர்களிடம் ஒரு வேண்டுகோள். தலையில் மின்சாரம் பாய்ந்தவருக்குப் பல மாதங்கள் கழித்தும் கண்புரை வரலாம், வலிப்பும் மறதியும் வரலாம். காயம் ஆறிவிட்டது என்று நின்றுவிடாமல், ஓரிரு ஆண்டுகளாவது கண் பரிசோதனைக்கு வாருங்கள்.